இல்லாத ஏரியும் ஜெனீவா சாரும்

அல்லித்தாங்கல் என்ற ஊரில் ஏரி என்று ஒன்று இல்லவே இல்லை என்று ஜெனீவா நகரத்து நிபுணர் ஒருவர் சொல்லிவிட்டார் என்ற செய்தி உலகம் முழுக்கப் பரவி, மலேசியாவில் இருப்பவர்களும் மஸ்கட்டில் இருப்பவர்களும் அதைப் படித்து, அல்லித்தாங்கலிலேயே குடியிருக்கும் தங்கள் மாமன் மச்சானுக்குத் திருப்பி அனுப்பி, அப்படியா என்று விசாரித்துக்கொண்டிருந்த பதினோராம் நாள், அந்த நிபுணர் பகல் பதினொன்றே முக்கால் டவுன் பஸ்ஸில் வந்து ஏரிக்கரை நிறுத்தத்தில் இறங்கினார். நிறுத்தத்தின் பெயரை அவர் பொருட்படுத்தவில்லை.

அவர் எந்த ஊரிலும் ஏறவில்லை, அரிசி ஆலைத் திருப்பத்தில் வண்டி குலுங்கியபோது மூன்றாவது சீட்டில் இருந்தார், அவ்வளவுதான் என்று கண்டக்டர் பிறகு சொன்னார். பஸ்ஸில் யார் யாரோ எப்படியெப்படியோ ஏறுகிறார்கள், எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்றும் சொன்னார். அது நியாயமான பேச்சாகவே எல்லோருக்கும் பட்டது.

அறுபது வயது மதிக்கலாம். வெள்ளைத் தாடி, நீலக் கோட்டு, பார்த்தவுடன் எழுந்து நிற்கத் தோன்றும் முகம். உற்றுப் பார்த்தால்தான் கோட்டின் காலர் எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதது தெரியும். மூக்குக் கண்ணாடிக்கு இடப்பக்கம் மட்டும் காது வரை கம்பி இருந்தது, வலப்பக்கக் கம்பி கன்னத்தோடு கரைந்து போயிருந்தது. வலது கையில் ஆறு விரல். இதெல்லாம்கூடப் பெரிதில்லை, அவருக்கு முதுகுப்பக்கம் ஒரு புத்தக அலமாரி எந்நேரமும் மங்கலாகத் தெரிந்தது. அவர் நடந்தால் அதுவும் நடந்தது, அவர் நின்றால் அதுவும் நின்றது, அவருக்குப் பின்னால் அகப்பட்ட பெட்டிக்கடையும் அதில் தொங்கிய வாழைத்தாரும் ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் மங்கிப் போயின.

டீக்கடை கஜேந்திரன், யாரைப் பார்க்கணும் சார் என்று மரியாதையாகக் கேட்டார். வந்தவர் தாடியைத் தடவிக்கொண்டு, "தரவுகள் இதையே காட்டுகின்றன" என்றார். படித்தவர் என்று கஜேந்திரனுக்கு உடனே புரிந்துவிட்டது, பெஞ்சில் துண்டால் தட்டி இடம் போட்டுக் கொடுத்தார்.

எதிர்மாடி ஜன்னலிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த குமுதவல்லி சட்டென்று ஜன்னல் கதவைப் பாதி சாத்தினாள். ஏனென்றால் அந்தத் தாடியை அவளுக்குத் தெரியும், அந்த ஆறு விரலையும் தெரியும். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை டீக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே, அவரை உண்டாக்கியவளே அவள்தான்.

அந்த எதிர்மாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழே பழைய விதைக் கிடங்கு, மேலே வருங்காலச் சிந்தனை மையம். இது அரசைச் சாராத தன்னாட்சி அமைப்பு என்று பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும். அந்தப் பலகையை மாட்டியது அரசாங்க ஜீப்பில் வந்த ஆட்கள், உள்ளே மின்விசிறியிலும் மேசையிலும் துறையின் எண் குத்தியிருக்கும், குடிக்கிற தண்ணீர்க் கேன்கூடத் தாலுகா ஆபீசிலிருந்துதான் வரும். அரசு ஒரு காரியத்தைச் செய்ய நினைத்தால் முதலில் இங்கே சொல்லியனுப்பும். இவர்கள் சுதந்திரமாகச் சிந்தித்து, அரசு அதே காரியத்தைத்தான் செய்ய வேண்டும் என்று கண்டுபிடிப்பார்கள்.

மையத்தில் மூன்று நாற்காலி. முதல் நாற்காலிக்காரர் ஒன்றைச் சொல்வார். இரண்டாம் நாற்காலிக்காரர் இன்னொரு பெயரில், முதலாமவர் சொன்னதை மேற்கோள் காட்டுவார். மூன்றாம் நாற்காலிக்காரர் வேறொரு நாட்டுப் பெயரில், இது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட உண்மை என்று இரண்டாமவரைக் காட்டுவார். மறுநாள் காலை முதல் நாற்காலிக்காரர் மூன்றாமவரை ஆதாரமாகக் காட்டி, ஏற்கனவே உலகம் ஒப்புக்கொண்டபடி என்று ஆரம்பிப்பார். இத்தனையும் ஒரே மின்விசிறிக்கு அடியில் நடக்கும். மூன்று நாற்காலி சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அதை எதிர்த்துப் பேசுகிறவனுக்குத்தான் ஆதாரம் கேட்பார்கள்.

முதல் நாற்காலி குமுதவல்லியுடையது. பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்தவள், முப்பத்தேழு வயது, நான்கு வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறாள். வீட்டில் கேட்டால் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறேன் என்று சொல்லிவைத்திருந்தாள். அதுவும் பொய்யில்லை, டைப்தானே அடிக்கிறாள். ஆனால் அவள் வீட்டுக்காரர் கன்னியப்பன் அந்த ஏரியில் மீன் பிடிக்கிறவர், மீனவர் சங்கத்துச் செயலாளர், ஏரியை எடுத்துவிட்டால் அவர் காலையில் எழுந்து எங்கே போவார் என்பதை அவள் யோசிக்காமல் இல்லை.

சிந்தனை மையத்துக்குச் சிந்திக்க இடம் போதவில்லை என்று பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. அவ்வளவு பெரிய காலி இடம் சுற்றுவட்டாரத்தில் ஏரி ஒன்றுதான், ஆனால் அதில் தண்ணீர் இருந்தது. ஆகவே இயக்குநர் தண்டபாணி முதல் நாற்காலியைக் கூப்பிட்டு, அந்தப் பகுதியில் நீர்நிலை ஏதும் கிடையாது என்று உலகத்தரத்தில் ஒரு ஆய்வு வேண்டும் என்றார். அவர் ஏரி என்ற சொல்லையே உச்சரிப்பதில்லை, அந்தப் பகுதி என்றுதான் சொல்வார். குமுதவல்லி ஜன்னலைத் திறந்து பார்த்தாள். நூற்றெண்பது ஏக்கர், கண்ணுக்கெட்டிய தூரம் பளபளவென்று கிடந்தது. இதை இல்லை என்று எழுதினால் யார் நம்பப் போகிறார்கள் என்று அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது, அந்தச் சிரிப்போடுதான் எழுதினாள். முனைவர் சூரியவேந்தன், சர்வதேச நீரியல் வல்லுநர், ஜெனீவா என்று பெயர் வைத்தாள். முகத்தைக் கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்கினாள். விரலை அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

சூரியவேந்தன் மூன்று வாக்கியம் பேசினார். அல்லித்தாங்கல் நீர்நிலை அல்ல, அது ஒரு நீர்நிலையைப் பற்றிய நம்பிக்கை. உலகின் முன்னணி நாடுகள் இத்தகைய நம்பிக்கைகளைக் கைவிட்டுவிட்டன. தரவுகள் இதையே காட்டுகின்றன. இந்த மூன்றும் மூன்று நாற்காலியைச் சுற்றி வந்து, பதினொரு நாளில் பதினெட்டு லட்சம் பேருக்குப் போயின. குமுதவல்லி சிரிப்பதை நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது.

இப்போது அந்த மனிதர் சாயங்காலம் நேராக அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, அவளைப் பார்த்து, "அம்மா" என்றார்.

அவருக்கு அறுபது, அவளுக்கு முப்பத்தேழு. ஆனால் நம் பக்கத்தில் யார்தான் யாரை அம்மா என்று கூப்பிடுவதில்லை, அதனால் கன்னியப்பனுக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. ஆபீஸ்ல தெரிஞ்சவரா, உள்ள வாங்க சார் என்று பாய் விரித்தார். குமுதவல்லிக்கு மட்டும் அந்த வார்த்தை அடிவயிற்றில் போய் உட்கார்ந்தது. சோறு போட்டார்கள். கெண்டை மீன் குழம்பு வாசனை தெருவையே இழுத்தது, அவரோ இலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அவர் சாப்பிடுவார் என்று அவள் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. சாப்பிடுங்க சார் என்றதற்கு, உலகின் முன்னணி நாடுகள் இத்தகைய நம்பிக்கைகளைக் கைவிட்டுவிட்டன என்றார். ராத்திரி சாப்பிடாத பழக்கம் போல என்று கன்னியப்பன் மீனை எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொண்டார்.

ஊர் அவரை ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொன்னால் ஒரு நாள் போதாது. மூன்றே வாக்கியம் பேசுகிற மனிதர் எவ்வளவு உதவியானவர் என்பது அல்லித்தாங்கலுக்கு அப்போதுதான் தெரிந்தது. மாமியாரும் மருமகளும் சண்டை போட்டுக்கொண்டு அவரிடம் போனால், தரவுகள் இதையே காட்டுகின்றன என்பார், இரண்டு பேரும் தாங்கள் ஜெயித்துவிட்டதாக வீட்டுக்குப் போவார்கள். அவருக்குப் பின்னால் நின்றால் மங்கலாகிவிடலாம் என்று கண்டுபிடித்த காதல் ஜோடி ஒன்று, அவர் கடைத்தெருவில் நடக்கும்போதெல்லாம் அவர் முதுகை ஒட்டிக் கைகோத்து நடந்தது, பெண்ணின் சித்தப்பா எதிரே வந்தும் புத்தக அலமாரியைத்தான் பார்த்தார். டாக்டர் சிகரெட்டை விடச் சொன்ன வாத்தியார் ஒருவரும் அங்கேயே ஒதுங்கினார். சில நாள் அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கூட்டம் சேர்கிறதே, பெரிய ஆள்தான் என்று வெளியூர்க்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் கஜேந்திரன், ஜெனீவா சார் டீயில சர்க்கரை கம்மியாத்தான் குடிப்பாரு என்று தன் பாட்டுக்குச் சொன்னார். அவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை என்பது வேறு விஷயம். அதைக் கேட்ட முடிவெட்டுகிற ராமு பூக்காரம்மாவிடம் சொன்னார், பூக்காரம்மா கோயில் வாசலில் சொன்னாள். மூன்றாவது வாய் அதைச் சொன்ன அதே நிமிடம் ஜெனீவா சார் பெஞ்சிலிருந்து எழுந்து, "சர்க்கரை கம்மி" என்று டம்ளருக்குக் கை நீட்டினார். கஜேந்திரன் ஆற்றிக் கொடுத்தார், இவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். பிறந்து பதினான்கு நாளான ஒருவர் முதல் தடவை டீ குடிக்கிறபோது எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்த முகம்.

குமுதவல்லி மாடி ஜன்னலில் நின்று பார்த்தாள். எங்கள் ஆபீஸ் வழக்கம் தெருவுக்கு வந்துவிட்டதே என்று நினைத்தாள். ஊருக்கு அதெல்லாம் தெரியாது, ஆனால் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. ஒரு வாரத்தில் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து அவருக்குக் கெண்டை மீன் பிடிக்கும் என்றார்கள், வலது முழங்காலில் லேசான வாதம் உண்டு என்றார்கள், சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார் என்றார்கள், குழந்தை அழுதால் தாங்கமாட்டார் என்றார்கள். எல்லாம் பலித்தது. குமுதவல்லியின் வீட்டுப் பின்கட்டில் தங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை ஆறு விரலால் தட்டித் தூங்கவைத்தார். தாலாட்டாக, தரவுகள் இதையே காட்டுகின்றன என்று இழுத்து இழுத்துப் பாடினார். அவள் மனசில் அவர்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. தன்னால் வந்தவர் என்பதாலா, தன்னை நம்பி வந்தவர் என்பதாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் காலை ஏரி நடுவே கருவேல முள்ளில் கன்னியப்பனின் வலை சிக்கிக்கொண்டது. பரிசலை எடுக்கலாமா என்று அவர் கரையில் நின்று யோசித்தபோது, பக்கத்தில் நின்ற ஜெனீவா சார் விறுவிறுவென்று நடந்து போய் வலையை எடுத்து வந்தார். ஏரிமேல் நடந்து போனார். அது நீர்நிலை அல்ல என்பது அவருடைய முதல் வாக்கியம் அல்லவா, அவர் கால் அதை நம்பியது. செருப்புகூட நனையவில்லை. கன்னியப்பன் வலையை உதறிப் பார்த்துவிட்டு, அப்படியே அந்த மேல்பக்கம் இருக்கிற தூண்டிலையும் பார்த்துட்டு வந்துடுங்க சார் என்றார். அதிலிருந்து அல்லிப்பூ பறிக்கவும் அக்கரைக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொடுத்தனுப்பவும் ஊரே அவரைக் கூப்பிட்டது.

அதை யாரோ படம் பிடித்துப் போட்டார்கள். தண்டபாணி அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். தாங்கள் எழுதிய ஆள் உயிரோடு வந்ததில் அவருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. மையத்தின் ஆய்வுத்தரம் அந்த அளவுக்கு உயர்ந்திருக்கிறது என்று முன்பே சூரியவேந்தனுக்கு ஒரு அடையாள அட்டை போட்டுக் கொடுத்திருந்தார். இப்போது வேலை சுலபமாகிவிட்டது. கட்டடத்துக்கு இடம் பார்க்கும் கள ஆய்வுக் குழு புதன்கிழமை காலை பத்து மணிக்கு வரும். குழுவின் கண்முன்னால், பத்திரிகைக்காரர்கள் முன்னால், நிபுணர் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நடப்பார். ஒரு மனிதன் நடந்துபோகிற இடத்தை யார் ஏரி என்று சொல்வது? அன்றைக்கே குழு கையெழுத்துப் போடும், வியாழக்கிழமை மண் லாரி வரும்.

குமுதவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் நாற்காலி ஏகாம்பரத்திடமும் மூன்றாம் நாற்காலி நஸ்ரீனிடமும் சூசகமாகப் பேசிப் பார்த்தாள், இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். சரி, ஊர் வழியில் பார்ப்போம் என்று தெருக்குழாயடியில் போய், ஜெனீவா சார் தினமும் ஏரியில் குளிப்பாராம் என்று பேச்சை எடுத்துவிட்டாள். மூன்று வாய் அதைச் சொன்னது. அவரும் துண்டும் சோப்புமாகக் கிளம்பினார். ஏரிமேல் நாலடி நடந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, உலர்ந்த உடம்பில் உலர்ந்த சோப்பை அரைமணி நேரம் தேய்த்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். குமுதவல்லி கரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புதிதாக எத்தனை சொன்னாலும் அடியில் அந்த முதல் வாக்கியம் கிடக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் அதை வைத்தவளே வந்து, இது நான் வைத்தது என்று சொல்லி எடுக்க வேண்டும்.

சொன்னால் கன்னியப்பன் முகத்தில் எப்படி விழிப்பது? அது ஒரு பயம். இன்னொரு பயம் அதைவிடப் பெரியது. அந்த வாக்கியத்துக்காகவே உண்டானவர் அவர், வாக்கியத்தைப் பிடுங்கினால் ஆளும் கூடவே போய்விட்டால் என்ன செய்வது? செவ்வாய்க்கிழமை முழுக்க அவர் பின்கட்டில் அந்தக் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இருந்ததைப் பார்த்துப் பார்த்து அவள் கையிலிருந்து பாத்திரம் மூன்று தரம் நழுவியது.

புதன்கிழமை கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். குழுத் தலைவர் பொன்னுரங்கம் ஓய்வுபெற்ற பொறியாளர், காது கொஞ்சம் மந்தம், எதையும் எழுத்தில் இருந்தால்தான் நம்புவார். பக்கத்தில் ஸ்டெனோ அம்மாள். கூட்டத்தில் யார் எது சொன்னாலும் ஸ்டெனோ அதை எழுதி உரக்க வாசித்துக்காட்ட வேண்டும், பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு சொல்கூடத் தப்பக்கூடாது என்று தண்டபாணியே கேட்டுக்கொண்டு ஏற்பாடு செய்திருந்தார். பிற்பாடு அதை நினைத்து அவர் எத்தனை நாள் தலையில் அடித்துக்கொண்டாரோ தெரியாது.

மேளம் ஒன்றுதான் குறை. ஜெனீவா சார் நீலக் கோட்டோடு வந்தார், பின்னால் அலமாரி வந்தது, அலமாரிக்குள் வழக்கம்போலக் காதல் ஜோடி வந்தது. கரை முனையில் ஜோடி நின்றுகொண்டது. அவர் பாட்டுக்குத் தண்ணீர்மேல் காலை வைத்து நடந்தார். பத்திரிகைக்காரர்கள் கேமராவைத் தூக்கினார்கள். ஊர் சனங்கள், வர்றப்ப ரெண்டு அல்லிப்பூ பறிச்சிட்டு வாங்க சார் என்று சொல்ல வாயெடுத்து, இன்றைக்கு என்ன நாள் என்பது நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்டார்கள். கன்னியப்பன் பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேயறைந்த மாதிரி நின்றார். தன் வலையை எடுத்துக் கொடுத்த கால்களே ஏரியையும் எடுத்துக்கொண்டு போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூரியவேந்தன் பாதித் தூரம் போயிருந்தபோது குமுதவல்லி பந்தலுக்குள் போய்ப் பொன்னுரங்கத்தின் மேசை முன்னால் நின்றாள்.

"ஐயா, என் பேரு குமுதவல்லி. எதிர்மாடியில மொத நாற்காலி என்னோடது. அதோ போறாரே, அவரு பேசுற மூணு வாக்கியமும் நான் எழுதினது. பொய்யின்னு தெரிஞ்சேதான் எழுதினேன். இது ஏரி. ஆறு வயசுல நான் இதுல விழுந்து தண்ணி குடிச்சிருக்கேன். எங்கண்ணன் தலமுடியப் பிடிச்சு இழுத்துப் போட்டான். இது ஏரிதான் ஐயா."

நான்கு வருடத்தில் அவள் தன் சொந்தப் பெயரில் சொன்ன முதல் வாக்கியங்கள் அவை. தூரத்தில் ஜெனீவா சார் நின்று திரும்பிப் பார்த்தார், செருப்பு நனைந்ததுபோல் ஒரு காலை உதறினார்.

பொன்னுரங்கம் விதிப்புத்தகத்தைப் புரட்டி, ஒருவர் சொன்னால் போதாது, இன்னொருவர் உறுதிப்படுத்த வேண்டும் என்றார். எல்லோரும் கன்னியப்பனைப் பார்த்தார்கள். அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். பதினாறு வருடக் குடித்தனத்தில் இந்த மாதிரி ஒரு பார்வையை அவள் பார்த்ததில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று பிறகு சொன்னாள். அவர் பரிசலை விட்டுவிட்டு மெதுவாக நடந்து வந்தார்.

"எங்க வீட்ல இதெல்லாம் எழுதுனது எனக்குத் தெரியாது," என்றார். ஏரிப்பக்கம் கை காட்டினார். "ஆனா இப்ப சொன்னது நெசம். இது ஏரி. நான் தெனம் எறங்குறேன்."

தூரத்தில் நீலக் கோட்டு முழங்கால் வரை இறங்கியது. வாதம் பிடித்த வலது முழங்காலை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குமுதவல்லிக்கு மூன்றாவது வாய் ஸ்டெனோ அம்மாளுடையது, அவள் வாசித்ததும் அவர் முழுக்க மூழ்கிவிடுவார் என்று அப்போதே விளங்கிவிட்டது. பந்தலைவிட்டு ஓடிப் போய்த் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி நின்று, கையைக் குவித்துக் கத்தினாள்.

"சார், நீங்க சொன்னதுதான் பொய். நீங்க பொய்யில்ல. நீங்க சர்க்கரை கம்மியா டீ குடிக்கிறவரு. எங்க வீட்டுப் பின்கட்டுல இருக்கிறவரு. பயப்படாதீங்க."

"பதிவு செய்தாயிற்றா? வாசியுங்கள்," என்றார் பொன்னுரங்கம்.

ஸ்டெனோ அம்மாள் எழுந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு சொல்லும் தப்பாதபடி வாசித்தாள். "இது ஏரி" என்ற இடத்துக்கு வந்தாள். நூற்றெண்பது ஏக்கருக்கு நடுவே தொபுக்கடீர் என்று ஒரு சத்தம் கேட்டது. நீலக் கோட்டும் தாடியும் புத்தக அலமாரியும் ஒட்டுமொத்தமாக உள்ளே போயின. மேலே நாலு குமிழி வந்தது.

முதலில் வாய் திறந்தவர் தண்டபாணி. மனிதர் பதறிவிட்டார், என்ன இருந்தாலும் அவரும் மனிதர்தானே.

"ஐயையோ, ஏரியில விழுந்துட்டாரு, யாராவது போங்க," என்று கத்தினார்.

ஸ்டெனோ அம்மாள் அதையும் எழுதினாள். எழுந்து, இயக்குநர் தண்டபாணி அவர்கள் கூறியது, ஐயையோ, ஏரியில விழுந்துட்டாரு என்று உரக்க வாசித்தாள். பொன்னுரங்கம் காதில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டு, மிக்க மகிழ்ச்சி, இது மூன்றாவது சாட்சி என்று குறித்துக்கொண்டார்.

அதற்குள் கன்னியப்பன் பரிசலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். தாடியைப் பிடித்துத்தான் தூக்க வேண்டியிருந்தது, வேறு பிடி கிடைக்கவில்லை. கரையில் கொண்டுவந்து போட்டபோது கோட்டு வேறு கழுத்து வேறாகப் பிரிந்து தெரிந்தது. ஒற்றைக் கம்பிக் கண்ணாடி ஏரியோடு போயிருந்தது. குமுதவல்லி அவர் மார்பில் கை வைத்தாள், துடித்தது. அவருக்குப் பின்னால் பார்த்தாள், அலமாரி இல்லை, பனைமரங்கள் ஓலை ஓலையாகத் தெளிவாகத் தெரிந்தன, காதல் ஜோடியும் தெளிவாகத் தெரிந்தது, பெண்ணின் சித்தப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அது இன்னொரு கதை, ஆவணியில் கல்யாணத்தில் முடிந்தது.

ஜெனீவா சார் இருமினார். ஒரு படி தண்ணீரும் ஒரு சின்னக் கெண்டைக் குஞ்சும் வெளியே வந்தன. அவர் சுற்றிலும் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு யாரும் எழுதிக் கொடுக்காத, எந்த மூன்று பேரும் சொல்லி வைக்காத ஒரு வார்த்தையைச் சொன்னார்.

"குளிருதும்மா," என்றார்.

குமுதவல்லி முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

கள ஆய்வுக் குழுவின் அறிக்கை இப்போதும் தாலுகா ஆபீசில் இருக்கிறது. அல்லித்தாங்கலில் ஏரி உள்ளது என்றும், ஆழம் ஒரு நிபுணர் முழுமையாக மூழ்கும் அளவு என்றும் பொன்னுரங்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மண் லாரி வரவில்லை. குமுதவல்லி மறுநாள் வேலையை விட்டாள், அவர்களும் விடச் சொல்லிக் கடிதம் தயாராக வைத்திருந்தார்கள். கன்னியப்பன் ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார், தண்ணீர் வைத்தால் குடித்தார். பத்தாம் நாள் காலை வலையோடு கிளம்பும்போது வாசலில் நின்று, உனக்குத்தான் எழுத வருமே, சங்கத்துக்கு மீன் கணக்கு எழுதுறியா, உன் பேர்லயே எழுது என்றார். அவள் சரி என்றாள்.

சிந்தனை மையம் சும்மா இருக்குமா? தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, ஜெனீவாவில் சூரியவேந்தன் என்று எந்த நிபுணரும் கிடையாது, அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை என்று உலகத்துக்கெல்லாம் அறிவித்தது. மையம் தொடங்கி நான்கு வருடத்தில் அது சொன்ன முதல் உண்மை அதுதான். ஆனால் முதல் நாற்காலி காலி. இரண்டாம் நாற்காலி சொன்னது, மூன்றாம் நாற்காலி அதை மேற்கோள் காட்டியது, அதற்குமேல் சுற்றி வர ஆள் இல்லை. இரண்டு நாற்காலி அளவுக்குத்தான் அது பலித்தது: ஒரு நாள் காலை எழுந்து பார்த்தபோது ஜெனீவா சாருக்குக் கையில் ஐந்தே விரல் இருந்தது.

அந்த அறிவிப்பு அல்லித்தாங்கலுக்கும் வந்து சேர்ந்தது, மஸ்கட்டிலிருந்து யாரோ அனுப்பியிருந்தார்கள். கஜேந்திரன் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, பெஞ்சில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தவரிடம் வருத்தமாகச் சொன்னார்.

"சார், நீங்க இல்லியாம் சார்."

ஜெனீவா சார் போனை வாங்கி இரண்டு தடவை படித்தார். தாடியைத் தடவிக்கொண்டார். "தரவுகள் இதையே காட்டுகின்றன," என்றார். பிறகு ஐந்து விரலால் டம்ளருக்குக் கை நீட்டினார்.

"சர்க்கரை கம்மி."